ஒரே லாரி ரோபோ, 500 ரூபாய்க்கும் 30,000 ரூபாய்க்கும்: உருமாறும் பொம்மையில் நம் காசு எங்கே போகிறது?

சிவப்பு உடம்பு, நீலக் கால், மடக்கினால் லாரி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனின் ஆப்டிமஸ் பிரைம் என்ற இந்த ஒரே பாத்திரத்தைப் பெயர் போடாத அட்டையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம், ஹாஸ்ப்ரோ பெட்டியில் சில ஆயிரத்துக்கு வாங்கலாம், டகாரா டோமி சேகரிப்பாளர்களுக்காகச் செய்யும் மாஸ்டர்பீஸ் வரிசையில் பல்லாயிரம் கொடுத்தும் வாங்கலாம். மூன்றும் பிளாஸ்டிக்தான், மூன்றும் லாரியாகும், மூன்றும் ரோபோவாகும். அப்படியென்றால் வித்தியாசம் எதில் இருக்கிறது, அதற்கு அவ்வளவு காசு தகுமா என்பதுதான் புதிதாகச் சேகரிக்க வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி.

என் கணிப்பு இது: விலை ஏற ஏற முதலில் கூடுவது உறுதியும் விளையாட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவது கார்ட்டூனில் பார்த்த உருவத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போகும் துல்லியம் மட்டும்தான், உறுதி அதோடு கூடுவதில்லை, சில சமயம் குறையவும் செய்கிறது. அந்தக் கட்டம் எங்கே வருகிறது என்று பார்க்க, பொம்மை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பொம்மை முதலில், கதை பிறகு

ஜப்பானின் டகாரா நிறுவனம் (இன்றைய டகாரா டோமி) 1980-இல் டயாக்ளோன் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. 1982 முதல் அதில் நிஜக் கார்களைப் போலவே இருந்து ரோபோவாக மாறும் பொம்மைகள் வந்தன. 1983 முதல் மைக்ரோமேன் என்ற இன்னொரு வரிசையில் டேப் ரெக்கார்டர், துப்பாக்கி, நுண்ணோக்கி போன்ற பொருட்கள் ரோபோவாகின. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இந்த இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று ஒரே பெயரில் விற்றது. கதையும் பாத்திரங்களும் பிறகுதான் வந்தன. மார்வெல் காமிக்ஸிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள், பெரும்பாலான பெயர்களை எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. இன்று நாம் ஆப்டிமஸ் பிரைம் என்று சொல்லும் லாரி டயாக்ளோனில் பேட்டில் கான்வாய். உயிருள்ள தலைவன் இல்லை, மனிதர் ஏறி ஓட்டும் இயந்திரம்.

இந்த வரலாறு விலையோடு நேராகத் தொடர்புடையது. பொம்மையைப் பார்த்துக் கார்ட்டூன் வரைந்தவர்கள் அதை எளிமையாக்கி வரைந்தார்கள். வரைபடத்தில் லாரியின் முன்கண்ணாடி சுருங்கலாம், சக்கரம் காணாமல் போகலாம், இடுப்பு மெலியலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கில் அது நடக்காது. லாரியில் இருக்கும் ஒவ்வொரு தகடும் ரோபோவில் எங்கேயாவது இருந்துதான் ஆக வேண்டும். கார்ட்டூன் செய்த ஒவ்வொரு ஏமாற்றுக்கும் பொம்மை செய்பவர் ஒரு கீலோ, ஒரு மடிப்போ வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். 1984-இல் அந்த முயற்சியே இல்லை, கை கால் கொஞ்சம் அசைந்தாலே போதும் என்றிருந்தது. நாற்பது வருடங்களாக டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொறியியல் என்பது வரைபடத்துக்கும் பொம்மைக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலைதான், விலைப்பட்டியலில் நாம் பார்ப்பதும் அதே தூரத்தைத்தான்.

விலைக்குள் இருப்பவை

1. அச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் எஃகு அச்சு, ஆலைகளில் மோல்டு என்பார்கள். பெரும் செலவு இதில்தான், ஒரு முறை செய்தால் எத்தனை பொம்மை விற்கிறதோ அத்தனைக்கும் பங்கிடலாம். ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என்று மூன்று பெயரில் ஒரே விமானம் நிறம் மட்டும் மாறி வந்ததற்கு இதுவே காரணம். இன்றும் ஒரே அச்சில் தலையை மட்டும் மாற்றி, நிறத்தை மாற்றி, இன்னொரு பாத்திரமாக விடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை, இந்தப் பங்கீடு இல்லையென்றால் நடுத்தர விலைப் பொம்மையே இருக்காது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பல முறை ஓட்டிய அச்சு தேயும், அதிலிருந்து கடைசியாக வருகிற பொம்மைகளில் மூட்டுகள் தளர்வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. பாகங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு கீலுக்கும் இரண்டு பாகமும் ஒரு உலோக ஊசியும் தேவை, அதைக் கையால் கோர்க்க ஒரு ஆள் தேவை. காரின் கதவு நேராகத் திறந்து இறக்கையானால் ஒரு கீல். அதே கதவு முதலில் உள்ளே மடங்கி, பிறகு சுழன்று, முதுகுக்குள் ஒளிய வேண்டுமென்றால் மூன்று அல்லது நான்கு. இந்த இடத்தில்தான் விலை சட்டென்று ஏறுகிறது.

3. இடைவெளியின் துல்லியம். வாங்குபவர் கண்ணுக்குக் கடைசியில் தெரிவது இது, ஆனால் தரத்தை உண்மையாகத் தீர்மானிப்பது இதுதான். ஒரு கீலில் 0.1 மி.மீ. பிசகு இருந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்து பத்துக் கீல்கள் கோர்த்த தகட்டில் எல்லாப் பிசகும் ஒரே பக்கம் சேர்ந்தால் 1 மி.மீ., கார் கூரை மூடவே மூடாது. ஆகவே கீல்கள் கூடக் கூட ஒவ்வொரு பாகமும் முன்பைவிடத் துல்லியமாக வர வேண்டும். இதைச் செய்யாமல் பாகங்களை மட்டும் கூட்டிய பொம்மைதான் விலை அதிகமாக இருந்தும் கையில் எடுத்தால் கோபம் வரவைக்கிறது.

4. பிளாஸ்டிக்கின் வகை. வெளித்தகடுகள் பொதுவாக ஏபிஎஸ்: கெட்டியானது, பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். தேய்மானம் அதிகமுள்ள மூட்டுகளுக்கு வழுக்கும் தன்மையுள்ள பிஓஎம் பிளாஸ்டிக் நல்லது, ஆனால் அதில் பெயின்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. கண்ணாடிகளுக்கு வரும் தெளிந்த பிளாஸ்டிக் உடையக்கூடியது, கீலின் ஊசி அதன் வழியாகப் போனால் அங்கேதான் விரிசல் விடும்.

5. பெயின்ட். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மறைப்பு வைத்துத் தெளிக்க வேண்டும், அல்லது முத்திரை போல் பதிக்க வேண்டும். மலிவான பொம்மையில் நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வரும். அதில் தவறில்லை, உரியாமல் இருக்கும்.

6. உரிமம். நிஜக் கார் நிறுவனத்தின் வடிவத்தைப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் வேண்டும். 2014-இல் வந்த மாஸ்டர்பீஸ் பம்பிள்பீ முறையான உரிமத்தோடு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலாகவே வந்தது. வழக்கமான வரிசைகளில் பெரும்பாலும் 'கிட்டத்தட்ட அந்தக் கார் மாதிரி' என்று வடிவத்தை மாற்றிவிடுவார்கள்.

கிளாஸ் என்பது உயரம் இல்லை, பட்ஜெட்

பெட்டியில் கோர், டீலக்ஸ், வாயேஜர், லீடர், கமாண்டர், டைட்டன் என்று எழுதியிருக்கும். இதை அளவு என்று நினைத்து வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். டீலக்ஸ் ஏறக்குறைய 14 செ.மீ., வாயேஜர் ஏறக்குறைய 18 செ.மீ. என்பதுவரை சரி. லீடரில்தான் குழப்பம். 2007-இல் மனிதர்கள் நடித்த முதல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தின்போது வந்த லீடர் பொம்மைகள் ஏறக்குறைய 25 செ.மீ. உயரத்தில் விளக்கும் ஒலியும் கொண்டு, 40 டாலர் அளவில் வந்தன. இன்றைய லீடர்களில் பல 55 டாலரைச் சுற்றி நிற்கின்றன, உயரம் 20 செ.மீ.யைத் தாண்டுவதில்லை, மின்னணு எதுவும் கிடையாது. வாயேஜர் உயர ரோபோவோடு ஒரு டிரெய்லரோ கவசமோ சேர்ந்து லீடர் பெட்டியில் வருவது சகஜமாகிவிட்டது.

காரணம், நிறுவனத்துக்குக் கிளாஸ் என்பது இத்தனை பிளாஸ்டிக், இத்தனை பாகம், இத்தனை பெயின்ட் என்ற செலவு வரம்பு. கார்ட்டூனில் எல்லோரும் ஒருவருக்கொருவர் எந்த உயரத்தில் நின்றார்களோ அதே விகிதத்தில் அலமாரியில் நிற்க வேண்டும் என்று பெரியவர்களான சேகரிப்பாளர்கள் கேட்கிறார்கள், அந்த விகிதத்துக்குள் உயரத்தை அடக்கிவிட்டு மிச்ச பட்ஜெட்டை மூட்டிலும் துணைப் பொருளிலும் போடுகிறார்கள். குழந்தைக்கு வாங்குகிறவருக்கு இது நஷ்டம்தான். அலமாரியில் அடுக்குகிறவருக்கு லாபம். பெட்டியின் பெயரைப் பார்க்காமல் பொம்மையின் உயரத்தையும், துணைப் பொருள் போக ரோபோவில் என்ன இருக்கிறது என்பதையும் தனியாகப் பாருங்கள்.

விலை ஏன் இப்படி ஏறியது

2007-இல் டீலக்ஸ் ஒன்று 10 டாலர் அளவில் இருந்தது. 2019-இல் 20, 2022 வாக்கில் 25-ஐ நெருங்கியது. அமெரிக்கப் பணவீக்கத்தை மட்டும் கணக்கிட்டால் 2007-இன் 10 டாலர் இன்று 15 டாலரைச் சுற்றித்தான் வரும். மீதி எங்கிருந்து வந்தது? சீனாவின் கூலி உயர்வு ஒரு பங்கு. 2021-இல் கப்பல் கட்டணம் தாறுமாறாக ஏறியது இன்னொரு பங்கு. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கான அமெரிக்க வரி 145 சதவீதம்வரை போய்ப் பிறகு இறங்கியதும், உற்பத்தியில் ஒரு பகுதி முன்பே வியட்நாமுக்கு நகர்ந்ததும் இந்தக் கதையோடு சேர்ந்தவை.

இதை மட்டும் சொல்லிவிட்டால் நியாயம் பாதிதான். 2007-இன் டீலக்ஸையும் இன்றைய டீலக்ஸையும் பக்கத்தில் வைத்தால் இடுப்புத் திரும்புவது, கணுக்கால் பக்கவாட்டில் சாய்ந்து பாதம் தரையில் பதிவது, ஆயுதங்களைப் பொருத்தும் 5 மி.மீ. துளைகள் எல்லாம் இன்று கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டன, அன்று அவை அபூர்வம். அதாவது விலையேற்றத்தில் ஒரு பகுதிக்கு நமக்குப் பொருள் கிடைத்திருக்கிறது. கிடைக்காத பகுதி முன்கையின் பின்பக்கத்தில் தெரியும்: திருப்பிப் பார்த்தால் பள்ளமாக, வெற்றாக இருக்கும். பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்த உள்ளே குடைந்து விடுகிறார்கள்.

இந்தியாவில் வாங்குகிறவருக்கு இன்னொரு அடுக்கு உண்டு. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இங்கே விற்க முடியாது என்பதால், அதிகம் விற்காத சேகரிப்பு வரிசைகளுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொண்டுவரப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. வெளிநாட்டுக் காணொளியில் 'இந்த விலைக்கு அருமை' என்று ஒருவர் சொன்னால் அந்தத் தீர்ப்பு அந்த ஊர் விலைக்கானது. நம் கையில் வரும் விலையில் அதே பொம்மை சுமாராகவும் இருக்கலாம்.

மாஸ்டர்பீஸ்: துல்லியத்துக்கான விலை

2003-இல் எம்பி-1 என்ற பெயரில் முதல் மாஸ்டர்பீஸ் கான்வாய் (ஆப்டிமஸ் பிரைமின் ஜப்பானியப் பெயர்) வந்தது. உலோக வார்ப்பு நிறைய, கையில் எடுத்தால் கனம். 2011-இல் வந்த எம்பி-10 அளவிலும் கனத்திலும் குறைந்தது, உலோகத்தையும் வெகுவாகக் குறைத்தார்கள், ஆனால் சேகரிப்பாளர்களில் பலர் இன்றும் கொண்டாடுவது அதைத்தான். 2019-இல் எம்பி-44 வந்தது. கார்ட்டூன் உருவத்தை நெருங்குவதற்காகப் பாகங்கள் வெகுவாகக் கூடின, விலையும் எங்கேயோ போய்விட்டது.

இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் நான் முதலில் சொன்ன கட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. எம்பி-10 அதன் அருகில் இருக்கிறது: உருவம் அழகு, மாற்றும் முறை ஓரிரு முறையில் மனப்பாடமாகும், கையில் வைத்து விளையாடலாம். எம்பி-44-இல் ரோபோவின் தோற்றம் அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை லாரியாக்க உட்காரும்போது மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பெயின்ட் உரசுமோ என்று பயந்து பயந்து செய்ய வேண்டும். ஒரு நிலையில் நிறுத்திவைத்துப் பார்ப்பவருக்கு அது சரியான பொருள். அடிக்கடி மாற்றிப் பார்ப்பதில்தான் சந்தோஷம் என்பவருக்கு இவ்வளவு காசு தேவையில்லை.

கனம் என்றால் தரம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உலோகம் எடையைக் கூட்டும், அந்த எடையை இடுப்பு மூட்டு தாங்க வேண்டும், மூட்டு சீக்கிரம் தளரும். உலோகத்தின் மேல் பெயின்ட் பிளாஸ்டிக்கில் இருப்பதைவிட எளிதாகச் சில்லு சில்லாக உதிரும். கணுக்கால், பாதம் போன்ற அடிப்பகுதியில் உலோகம் இருந்தால் நிற்பதற்கு உதவும்; மார்பிலும் தோளிலும் இருந்தால் சுமைதான்.

கேஓவும் தேர்ட் பார்ட்டியும் வேறு வேறு

இரண்டையும் 'டூப்ளிகேட்' என்று ஒரே சொல்லில் அடக்குவது தவறு.

1. கேஓ (நாக்-ஆஃப்) என்பது ஏற்கெனவே வந்த அதிகாரப்பூர்வப் பொம்மையை அப்படியே நகலெடுப்பது. பாகங்களிலிருந்தே அச்சு எடுக்கும்போது, பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதால் நகல் கொஞ்சம் சிறியதாகிவிடும், இடைவெளிகள் மாறும், மூட்டு ஒன்று இறுகும் அல்லது தொளதொளக்கும். பெரிதாக்கி விற்கும் நகல்களும் உண்டு, சில பார்க்க நன்றாகவே இருக்கும். இடைவெளிக் கணக்கு அசலின் அளவுக்குச் செய்தது, பெரிதானதும் அதே கீல் அதிக எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

2. தேர்ட் பார்ட்டி என்பது ஃபேன்ஸ்டாய்ஸ், எக்ஸ்-டிரான்ஸ்பாட்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக வடிவமைப்பது. உரிமம் இல்லாததால் பெயரை மாற்றி விற்பார்கள். பொறியியல் அவர்களுடையது, சில சமயம் பிரமாதமாகவும் இருக்கும். குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் விலை அதிகம், உதிரிப் பாகமோ உத்தரவாதமோ எதிர்பார்க்க முடியாது, முதல் தொகுதியை வாங்குகிறவர்தான் சோதனை செய்பவர். ஒரு பாத்திரம் அதிகாரப்பூர்வமாக வரவே இல்லை என்றால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம் என்பது என் கருத்து.

பெயரே இல்லாத மிக மலிவான பொம்மைகளைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது, அது சேகரிப்பைப் பற்றியதில்லை. அமெரிக்காவில் 2008 சட்டத்துக்குப் பிறகு பொம்மைப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, சோதிக்காமல் விற்க முடியாது. இந்தியத் தரக் கவுன்சில் 2019-இல் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை, ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானதற்கு அதுவும் ஒரு பின்னணி. வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு முத்திரை இல்லாததை வாங்கவே வேண்டாம்.

இன்னொரு குழப்பம்: இப்போது கடைகளில் நிறையத் தெரிகிற பிளோக்கீஸ் பொம்மைகள் உரிமம் பெற்றவைதான், அழகானவைதான், ஆனால் உருமாறாதவை. பாகங்களைக் கோர்த்து நிறுத்தும் ரோபோக்கள் அவை. மாறும் என்று நினைத்து வாங்கிவிட்டு விலையைக் குறை சொல்ல வேண்டாம்.

கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

1. வண்டி நிலையில் தகடுகள் ஒன்றோடொன்று பிடித்து நிற்கின்றனவா? சின்னப் பற்கள் குழிகளுக்குள் 'டக்' என்று உட்கார வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் திறந்துகொண்டால் வடிவமைப்பிலேயே கோளாறு.

2. சக்கரம் தரையில் உருள்கிறதா? நடுவில் ரோபோவின் முட்டி இடித்து நிறுத்துகிற கார்கள் விலையுயர்ந்த வரிசைகளிலும் உண்டு.

3. ரோபோவின் முதுகைப் பாருங்கள். வண்டியின் மிச்சம் தேவையில்லாமல் தொங்கினால் அதைக் கிபிள் என்பார்கள். காரின் ஓடு முழுவதும் முதுகுப்பையாக மடங்கி, உள்ளே தனி ரோபோ ஒளிந்திருந்தால் அது ஷெல்ஃபார்மர்: மலிவான வழி, நன்றாகவும் செய்யலாம். பாகங்களைக் கழற்றி மாட்டினால்தான் மாறும் என்றால் பார்ட்ஸ்ஃபார்மிங். மடங்கும் வேலையைச் செய்யாமலே அந்த விலையை வாங்குவதால் எனக்கு இது ஒப்புவதில்லை.

4. தோளும் இடுப்பும் எந்த வகை மூட்டு? அசைத்தால் கிளிக் கிளிக் என்று பல் பிடிக்கும் மூட்டு கனமான பொம்மைக்கு ஏற்றது. உராய்வில் நிற்கும் மூட்டு எந்த நிலையிலும் நிற்கும், ஆனால் தளரும். பந்து மூட்டு தளர்ந்தால் பந்தின்மேல் நிறமில்லா நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டினால் சரியாகும்.

5. ஊசியால் கோர்த்ததா, திருகால் மாட்டியதா? திருகு இருந்தால் வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாம். விலை உயர்ந்த பொம்மையில் முக்கியமான மூட்டுகளாவது அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமானதுதான்.

வயதாகும் பிளாஸ்டிக், ஆடும் மறுவிற்பனை விலை

பழைய பொம்மைக்கு அதிக விலை கொடுக்கும்போது தரக் கணக்கு அப்படியே மாறிவிடும். வெள்ளை ஏபிஎஸ் வெயிலில் பட்டால் மஞ்சளாகும், 1980-களின் ஜெட்ஃபயர் பொம்மை இதற்குப் பேர்போனது. ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்து வெளுக்கச் செய்கிறார்கள், ஆனால் மஞ்சள் திரும்ப வரலாம். அதைவிட மோசமானது தங்க நிறப் பிளாஸ்டிக். மினுமினுப்புத் துகள் கலந்து சுழல் சுழலாகத் தெரியும் ஒரு வகை, 1980-களின் இறுதியிலிருந்து பல வருடங்கள் பயன்பட்டது, காலப்போக்கில் பிஸ்கட் போல நொறுங்குகிறது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே உடைந்திருக்கும். 1988-இன் பிளாக் ஸாரக் என்ற பொம்மையை வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

மறுவிற்பனை விலை தரத்தைக் காட்டுவதில்லை, எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை கிடைக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. எம்பி-10 பல முறை மறுபடி வெளியிடப்பட்டது, அப்படி வரும்போது பதுக்கிவைத்தவர்கள் சொன்ன விலை இறங்கியது. 1984-இன் அசல் லாரியைத் தேடுபவர்களுக்கும் வேறு வழி வந்துவிட்டது: டகாரா டோமி 2024-இல் மிஸ்ஸிங் லிங்க் என்ற வரிசையைத் தொடங்கி, பழைய தோற்றத்தை அப்படியே வைத்து இன்றைய மூட்டுகளைப் போட்டு வெளியிட்டது. அவசரம் இல்லாதவர் காத்திருப்பதால் இழப்பது குறைவு.

முதல் பொம்மை வாங்க நினைப்பவருக்கு நான் சொல்வது வாயேஜர் கிளாஸில் ஒரு லாரி அல்லது விமானம். காரில் கண்ணாடி, கதவு, கூரை என்று ஒளிக்க வேண்டிய தகடுகள் அதிகம், ஆகவே அதே விலையில் பொறியியல் அங்கே திணறும். லாரி பெட்டி பெட்டியாகவே இருப்பதால் கொஞ்சக் கீலிலேயே சுத்தமாக மாறும். இரண்டாம் கையில் வாங்குவதாக இருந்தால் வண்டி, ரோபோ இரண்டு நிலையிலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்; ஒரு நிலைப் படம் மட்டும் அனுப்பினால், இன்னொரு நிலைக்கு மாற்றி ஒரு சிறு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2022-ஐ ஒட்டி வந்த, முன்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் இல்லாத பெட்டிகளாக இருந்தால் ஒட்டியிருக்கும் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம்: உள்ளே வேறு பொம்மையை வைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுத்த கதைகள் அந்தச் சமயத்தில் நிறைய நடந்தன, ஹாஸ்ப்ரோ மறுபடி ஜன்னலைக் கொண்டுவந்தபோது சேகரிப்பாளர்கள் நிம்மதியானார்கள்.